நீங்கள் பச்சை அடித்த இடம்

மூங்கிலள்ளி புதுக்காலனி,
ஐப்பசி 8.

அன்புள்ள மாமாவுக்கு,

கலைமணி எழுதுகிறேன். அத்தைக்குக் கால்வலி இப்போது தேவலை. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான். அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம். அருணாசலப் பிரதேசக் காட்டில் உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்க வேண்டும். கிடைக்கிறதா?

போனில் பேசலாமே என்பீர்கள். இங்கே சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று தெரியுமல்லவா? மூங்கில் புதரை ஒட்டின பாறைமேல் ஏறி நின்றால்தான். நீங்களும் மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் டவுனுக்கு இறங்குகிறீர்கள். அந்தப் பாறைமேல் நின்றுகொண்டு பேச முடியாத விஷயம் இது. ஏன் என்று சொல்கிறேன்.

அரசாங்கம் கொடுத்த இந்த வீட்டுக்கு நாம் குடிவந்த அன்று வாசலில் நின்று எவ்வளவு பெருமையாகப் பேசினீர்கள்! சரிவு கம்மி, மண் கெட்டி, தண்ணீர் பக்கம், ரோடு பக்கம், மிருக நடமாட்டம் கிடையாது, இந்த இடத்துக்கு நானே போய் அளந்து மேப்பில் பச்சை அடித்தேன் என்று அத்தையிடம் சொன்னீர்கள். சிவப்பு என்றால் யாருமே குடியிருக்கக்கூடாது, மஞ்சள் என்றால் அகழி வெட்டி வேலி போட்டுவிட்டுக் குடியிருக்கலாம், பச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வீடு கட்டலாம் என்று எனக்குப் பாடம் நடத்தினதும் நீங்கள்தான். மாப்பிள்ளை காட்டுக்குக் கலர் அடிக்கிறவர் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள், எங்கள் அண்ணன் பெயிண்டர் என்றே நினைத்துக்கொண்டான். அவன் நினைத்தபடியே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் உங்கள் பச்சையில் ஒரு யானை நின்றது, மாமா.

வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் ஏதோ கறுப்பாக இருந்தது. சின்டெக்ஸ் தொட்டி இறக்கி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தொட்டி காதை ஆட்டியது. கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன், கத்தக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு டிரம்மில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, நான் நட்ட இரண்டு வாழையையும் பிடுங்கிக்கொண்டு, ஏரிப்பக்கம் இறங்கிப் போனது. ஒரு அவசரமும் இல்லை. தன் வீட்டுக்குப் போகிற மாதிரிப் போனது.

காலனிக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய ஊரில் பச்சியப்பன் என்று ஆடு மேய்க்கிறவர் இருக்கிறாரே, ராகி போட்டிருப்பவர், அவரிடம் போய், ஏனுங்க, இங்க யானை வருமா என்று கேட்டேன். மனுசன் பதறிப்போய் என் வாயைப் பொத்தவே வந்துவிட்டார். அம்மிணி, கதிரு நிக்குதுங்க, பேரச் சொல்லாதீங்க என்றார். என்ன விஷயம் என்றால், ராகியில் கதிர் பிடித்துவிட்டால் அறுத்து, அடித்து, பொங்கல் வைக்கிற வரைக்கும் இந்த ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடுமாம். ரொம்ப அவசியமானால் பெரியவர் என்பார்களாம். அதையும் வெளி ஆளிடம் சொல்ல மாட்டார்களாம். பொங்கலுக்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், அப்போது ஒன்றும் இல்லையாம்.

நீங்கள் அளக்க வந்தது எந்த மாதம் என்று கேட்டேன். கதிர் நின்ற மாதம்தான். மூங்கில் ஓரத்தில் நிற்க வைத்து, யானை நடமாட்டம் உண்டா என்று நீங்கள் சத்தமாகக் கேட்டீர்களாம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். நீங்கள் கையிலிருந்த டேப்லெட்டில் இல்லை என்று தட்டிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனீர்களாம். தருமபுரி டவுனில் பிறந்து வளர்ந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் தலையைக் குனிந்தால் இல்லை என்று அர்த்தமா? நான்கூடத்தான் நீங்கள் தாலி கட்டும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

இதற்கு என்ன வழி என்று உடனே எழுதுங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
கலைமணி.

*

மூங்கிலள்ளி புதுக்காலனி,
கார்த்திகை 19.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கை வீண் போகவில்லை, உயிரோடு இருக்கிறோம். மேப்பில் அந்த இடத்தில் யானை வழி எதுவும் காட்டவில்லையே, தப்பித் தவறி ஒன்று வந்திருக்கும், பயப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். சரிங்க. அடுத்த தடவை வரும்போது மேப்பை விரித்துக் காட்டி, சாமி, நீங்க இதுல இல்லீங்க என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்று வந்தது மூன்றாகிவிட்டது. காட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற அதன் தடத்தில்தான் காலனியை வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கென்ன, வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசி வீடு நம்முடையது. அதனால் நம் சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது. சுவரில் என் தலைக்கு மேலே சேறு அப்பியிருக்கிறது. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திவிடுகிறோம். பின்பக்க ஜன்னலுக்குச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. கக்கூஸ் வெளியே இருக்கிறது, வாளி உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் எழுத வேண்டாம். ஜாக்கெட் தைக்க வெளிச்சம் போதாமல் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு மிஷினில் உட்காருகிறேன். கடைசி பஸ் டிரைவர் மூங்கில் திருப்பத்துக்கு அந்தப் பக்கமே எல்லோரையும் இறக்கிவிட்டுவிட்டு ஓடிப்போகிறார்.

சகாயமேரி அக்காவைத் தெரியுமல்லவா, நாலாவது வீடு? அவர்கள் சமையலறைச் சுவர் போய்விட்டது. உப்பு வாசனைக்கு வந்ததாம். அரிசி மூட்டையையும் உப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டது. நல்ல வேளை, ஆட்கள் முன்னறையில் இருந்தார்கள். அக்கா மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாரம் ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். வீட்டைத் தொடர்ந்து பூட்டி வைத்தால் பட்டா ரத்தாகிவிடும் என்று நிபந்தனை இருக்கிறதே. விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது, பூட்டவும் முடியாது. உள்ளே உட்கார்ந்திருக்கத்தான் முடியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அத்தை, ஒரு மாசம் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிரலாம் வாங்க என்று கூப்பிட்டேன். நான் வர மாட்டேன் கண்ணு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொறந்ததுலருந்து ஊரான் வூட்லயே இருந்தேன், ஆத்தோரம் குடிசையில இருந்தேன், தகர செட்டுல இருந்தேன், இதுலதான் பாஞ்சாலின்னு எம்பேரு போட்டிருக்குது, செத்தாலும் இங்கதான் என்கிறார்கள். அத்தோடு விடவில்லை. எம்பையன் குரு அளந்த இடம், அவன் தப்பா அளப்பானா என்று என்னையே கேட்கிறார்கள். கால் சரியில்லாதவரைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? போனால் நீங்கள் சும்மா இருப்பீர்களா, இல்லை எனக்குத்தான் சோறு இறங்குமா?

பாப்பா பழைய ஊர் அங்கன்வாடிக்குத்தான் போகிறாள். அங்கே சுவரில் மிருகங்கள் படம் மாட்டியிருக்கிறது. போன வாரம் நம் மகள் எழுந்து நின்று, கணீரென்று, யானை என்று வாசித்திருக்கிறாள். ஆயம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டதாம். ஷகிலா டீச்சர் பாவம், தருமபுரியிலிருந்து வருகிறவர், இந்த வழக்கமெல்லாம் அவருக்கும் புதுசுதான். ஊர்க்காரர்கள் வந்து சத்தம் போட்டதில் அந்தப் படத்தின்மேல் மட்டும் காலண்டர் தாளை ஒட்டி மறைத்துவிட்டார். சிங்கம் இருக்கிறது, புலி இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே பச்சியப்பன் ராகியில் பாதி போய்விட்டது. அவர் பாப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நான் பி.காம். படித்தவள், நாலு வயசுப் பிள்ளை வாயால் சொன்னதற்கும் ராகிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டுக்கு வந்து பாப்பாவை அடித்தேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

இனி நல்ல சேதி. மார்கழியில் மறுபடி அளக்க வருகிறார்களாம். சகாயமேரி அக்கா வீட்டுச் சுவர் போட்டோ பேப்பரில் வந்ததனால் இந்த ஏற்பாடு. நம் காலனித் தலைவர் முனிராஜ் வீடு வீடாக வந்து, யாரும் வாயைத் திறக்கக் கூடாதுங்க, ஆமான்னு சொன்னா சிவப்பு அடிச்சிருவானுங்க, மறுபடி தகர செட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் தலையாட்டினார்கள். வீடு கிடைக்கிற வரைக்கும் அந்த ஷெட்டில் இரண்டு கோடை கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் மட்டும் ஆட்டவில்லை. சிவப்பு ஏன் அடிக்க வேண்டும்? மஞ்சள் என்று ஒன்று இருக்கிறதே! அகழியும் வேலியும் போட்டு, ஏரிக்குப் போக அதற்கொரு வழியும் விட்டுக் கொடுத்தால் அதுவும் பிழைத்துக்கொள்ளும், நாமும் பிழைத்துக்கொள்வோம். அந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே.

பழைய ஊர்க்காரர்கள் கதிருக்குப் பயந்து சொல்ல மாட்டார்கள். காலனிக்காரர்கள் ஷெட்டுக்குப் பயந்து சொல்ல மாட்டார்கள். நான் சொல்லப்போகிறேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, யானை வருதுங்க, மஞ்சள் போடுங்க என்று சொல்லத்தான் போகிறேன். யார் என்ன பண்ணிவிடுவார்கள், பார்க்கலாம்.

உங்கள்
கலைமணி.

*

மூங்கிலள்ளி புதுக்காலனி,
மார்கழி 12.

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பாப்பா பத்திரமாக இருக்கிறாள், அத்தையும் பத்திரம். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

அளக்க வந்தது சமரீன் என்று ஒரு பெண். தருமபுரிதான், சின்ன வயசு, நல்ல மரியாதை. ரேஷன் கடை முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டது. தண்ணீர் வருமா, மழைக்கு மண் சரியுமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்து, அதே குரலில் அதையும் கேட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டது. முனிராஜ் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பச்சியப்பன் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மேல்பாத்தி இன்னும் அறுக்காமல் நிற்கிறது.

நான் எழுந்தேன், மாமா. சத்தியமாக எழுந்தேன். சொல்லுங்கக்கா என்று சமரீன் என்னைப் பார்த்தது. பட்டப்பகல், நல்ல வெயில். நான் நின்ற இடத்திலிருந்து ரோடு தெரிகிறது. அங்கன்வாடி விட்டு, ஆயம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற நேரம். மூங்கில் திருப்பத்தில் நம் பாப்பாவின் சிவப்புக் கவுன் தெரிந்தது. ஆயம்மா கையை விட்டுவிட்டு, புதர் ஓரமாகக் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தாள்.

வாய் வரைக்கும் வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் புதர் ஓரத்தில் நின்றது உங்கள் பிள்ளை. அவள் அந்த இடத்தைத் தாண்டட்டும், தாண்டினதும் சொல்லலாம் என்று நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒண்ணுமில்லீங்க, குடிக்கத் தண்ணி வேணுங்களான்னு கேக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சமரீன் சிரித்துக்கொண்டே, வேண்டாங்கக்கா என்றது. இல்லை என்று தட்டியது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. பாப்பா ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். மூங்கிலுக்குள் ஒன்றுமே இல்லை.

உங்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்த டேப்லெட்டில் இல்லை என்று விழுவதற்குப் பெரிய தப்பு எதுவும் வேண்டியதில்லை. கேட்கிறவர் நல்லவராக இருந்தாலும், கேட்கப்படுகிறவர் நல்லவராக இருந்தாலும் அது விழுந்துவிடுகிறது.

அதற்கு நாலாம் நாள் விடிகிற நேரத்தில் அடைத்து வைத்த ஜன்னல் செங்கல்லோடு உள்ளே விழுந்தது. பாப்பா படுத்திருந்த பாய்க்கும் செங்கல் விழுந்த இடத்துக்கும் நடுவில் என் தையல் மிஷின் இருந்தது. அதனால்தான் பாப்பா பத்திரம் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடிந்தது. அதன் நீளக் கை உள்ளே வந்து ரேஷன் அரிசிப் பையைத் தேடியது. பாய் விளிம்பைத் தடவியது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அத்தை மூலையில் பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு, அவள் வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். அது போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் கையை எடுத்தார்கள். பாப்பா அழவில்லை, மாமா. என்னைப் பார்த்து, நான் சொல்லலம்மா, சத்தியமா நான் பேரு சொல்லவே இல்லம்மா, அடிக்காதம்மா என்றாள்.

அன்றைக்குத்தான் அத்தை முதல் தடவையாக, குரு வந்தா போயிரலாங்கண்ணு என்றார்கள். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சமரீன் ஒரு விலாசம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் பொங்கலுக்கு முன்னால் எழுதலாமாம். அதற்குப் பிறகு மேப்பை மூடிவிடுவார்களாம். இங்கே வாய் திறப்பதே பொங்கலுக்குப் பிறகுதான். நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஐயா என்று போட்டு, காலனி பெயர் போட்டு, சுவர் விழுந்தது வரைக்கும் எழுதிவிட்டேன். எதனால் விழுந்தது என்கிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன கடிதம் வரைக்கும் உங்களுக்கு அந்தப் பெயரைச் சர்வ சாதாரணமாக எழுதினேன், எடுத்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. படித்தவள்தான், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்துவிட்டு நான் சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் அளந்தது நீங்கள். தப்பாகப் பச்சை அடித்துவிட்டேன், அங்கே அதன் தடம் இருக்கிறது, அது மஞ்சள் என்று நீங்கள் எழுதினால் கேட்பார்கள். உங்கள் சர்வே கம்பெனி உங்களை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். வேலை போனால் போகட்டும். சகாயமேரி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் நாலு வீட்டு ஜாக்கெட் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டேன், மிஷின் ஓடுகிறது.

இன்னொன்று. அங்கேயும் நீங்கள் எந்த ஊர்க்காரர்களையோ நிற்க வைத்து இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் பேசாமல் நின்றால் அவசரப்பட்டுத் தட்டிவிடாதீர்கள், மாமா. கூட்டத்தில் குழந்தையோடு ஒருத்தி இருந்தால் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பாருங்கள்.

ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். கிடைத்த அன்றே டவுனுக்கு இறங்குங்கள். தீர்த்தமலை ஈஸ்வரன் உங்களுக்கு வழித்துணையாக இருப்பார். ஆபீசுக்குப் போன் போட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அந்தப் பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து சொன்னால் இந்தக் காட்டுக்குக் கேட்காது.

உங்கள்
கலைமணி.